‘பிறந்து பார்த்தோம், ஆனால்…’: ஓசுவின் மௌனப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1932-ல் எடுத்த ‘உமாரேத்தே வா மீத்தா கெரெதோ’ என்ற மௌனப் படத்தைப் பல வருடங்களாக நண்பர்களுக்குப் போட்டுக் காட்டி வருகிறேன். படம் முடிந்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையை மறைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதைதான் என்ன?

யோஷியி டோக்கியோவில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். மனைவியையும் ரியோயிச்சி, கெய்ஜி என்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு ஒரு புறநகருக்குக் குடிவருகிறார். சாமான் ஏற்றி வந்த லாரியின் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டு சுற்றுவதுதான் முதல் காட்சி. அதே புறநகரில்தான் யோஷியியின் மேலதிகாரியான கம்பெனி டைரக்டர் இவாசாக்கியின் வீடும் இருக்கிறது.

புது இடம் என்றால் பையன்களுக்கு முதலில் கிடைப்பது அடிதான். தெருப் பையன்களின் கூட்டம் இவர்களை மிரட்டுகிறது. பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறார்கள். புல்வெளியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, எழுத்துப் பயிற்சித் தாளில் ஆசிரியர் போடுவது போல நல்ல மார்க் ஒன்றை மதுக்கடை எடுபிடிப் பையனைக் கொண்டு போட வைக்கிறார்கள். குட்டு வெளிப்படுகிறது, அப்பா கண்டிக்கிறார். அப்புறம் அதே கடைப் பையனின் உதவியோடு பெரிய முரடனை அடக்கி, இவர்களே கூட்டத்துக்குத் தலைவர்கள் ஆகிவிடுகிறார்கள். டைரக்டரின் மகன் தாரோவும் இவர்கள் சொன்னால் தரையில் விழுந்து படுத்தாக வேண்டும். அவர்கள் விளையாட்டின் விதி அது: தலைவன் விரல்களை நீட்டினால் எதிரில் இருப்பவன் செத்து விழ வேண்டும், சிலுவைக் குறி போட்டால்தான் உயிர் பெற்று எழலாம்.

ஒரு நாள் சாயங்காலம் தாரோவின் வீட்டில் சினிமா காட்டுகிறார்கள். இவாசாக்கி சொந்தக் கேமராவில் எடுத்த படம். அதில் தங்கள் அப்பா முதலாளியைச் சிரிக்க வைப்பதற்காக முகத்தைக் கோணிக் கோமாளித்தனம் செய்வதைப் பையன்கள் பார்த்துவிடுகிறார்கள். மீதிப் படம் அந்தச் சாயங்காலத்தின் விளைவு.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? ஆங்கிலத் தலைப்பு புரியவில்லையே.

ஆங்கிலத்தில் இதை ‘நான் பிறந்தேன், ஆனால்…’ என்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். மூலத்தில் இருக்கும் ஒரு சிறு சொல் அதில் விழுந்துவிட்டது. ஜப்பானிய மொழியில் ‘உமாரேத்தே’ என்றால் பிறந்து, ‘மீத்தா’ என்றால் பார்த்தேன் அல்லது பார்த்தோம், ‘கெரெதோ’ என்றால் ஆனாலும். நாம் ‘சாப்பிட்டுப் பார்த்தேன்’, ‘கேட்டுப் பார்த்தோம்’ என்று சொல்வதைப் போலவே அவர்களும் வினையெச்சத்தோடு ‘பார்’ என்ற வினையைச் சேர்த்து, முயன்று பார்ப்பதைச் சொல்கிறார்கள். ஆகவே தமிழில் வார்த்தை மாறாமல் சொல்லலாம்: ‘பிறந்து பார்த்தோம், ஆனால்…’. பிறவியையே ஒரு தடவை செய்து பார்த்த காரியமாகச் சொல்லும் தலைப்பு. எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் இது முழுதாக உட்காருகிறது.

தலைப்போடு ‘பெரியவர்கள் பார்ப்பதற்கான படப் புத்தகம்’ என்ற அடைமொழியும் உண்டு. இந்த ‘ஆனால்’ அந்தக் காலத்தில் ஓசுவுக்குப் பிடித்துப்போன ஒன்று. 1929-ல் ‘பட்டம் வாங்கினேன், ஆனால்…’ என்றும் 1930-ல் ‘பெயிலானேன், ஆனால்…’ என்றும் படம் எடுத்திருக்கிறார். பொருளாதார மந்தத்தில் படித்த இளைஞர்கள் வேலை இல்லாமல் அலைந்த காலம் அது. முதல் படத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்து நிமிடத் துண்டு மட்டுமே.

இது குழந்தைகள் படம்தானே? இதில் வர்க்கம் எங்கே வருகிறது?

மதுக்கடைப் பையனைக் கவனியுங்கள். முரடனை அடிக்க அவன் உடனே ஒத்துக்கொள்கிறான், ஏனென்றால் யோஷியியின் வீட்டில் அவன் கடையில் பீர் வாங்குகிறார்கள். சரி, தாரோவையும் அடி என்றதும் மறுத்துவிடுகிறான். தாரோ வீட்டில் இதைவிட அதிகமாக வாங்குகிறார்கள். பையன்களுக்கு அப்போது அது பெரிதாக உறைப்பதில்லை. ஆனால் வீட்டுப் படத்தில் அவர்கள் காணப்போகும் உண்மை முழுவதும் ஏற்கெனவே அந்தக் கடைப் பையனின் வாயில் வந்துவிட்டது. யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யாரை அடிக்கலாம் என்பது.

படத்தில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் ஏணியில் கை பலமும் துணிச்சலும் படிப்பும்தான் அளவுகோல். பலம் வருவதற்காகப் பச்சையாகச் சிட்டுக்குருவி முட்டையைக் குடிக்கிறார்கள்! அந்த ஏணியில் ரியோயிச்சி மேலே, தாரோ கீழே. பெரியவர்களின் ஏணியில் தாரோவின் அப்பா மேலே, ரியோயிச்சியின் அப்பா கீழே. ஒரே தெருவில் இரண்டும் தலைகீழாக நிற்கின்றன. தாரோவைவிட நான் பலசாலி, நன்றாகப் படிக்கிறேன், அப்படியிருக்க நாளைக்கு அவனிடம் நான் ஏன் வேலை பார்க்க வேண்டும் என்ற ரியோயிச்சியின் கேள்விக்கு அந்தத் தெருவில் யாரிடமும் பதில் இல்லை.

யோஷியி ஏழை இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கோட்டு சூட்டு, தோட்டத்தோடு வாடகை வீடு, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. 1868-க்குப் பிறகு மெய்ஜி அரசு சாமுராய் முதலிய பழைய பிறப்புப் பிரிவுகளைச் சட்டப்படி நீக்கியது. படித்தால் யாரும் மேலே வரலாம் என்ற நம்பிக்கையில் ஒரு புதிய நடுத்தர வர்க்கம் உருவாயிற்று. 1920-களில் ‘சராரிமான்’ என்ற சொல், அதாவது சம்பளக்காரர், புழக்கத்துக்கு வந்துவிட்டது. யோஷியி அப்படிப்பட்ட ஒருவர். ‘படி, பெரிய ஆளாக வா’ என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்வது அந்த நம்பிக்கையின் குரல். அந்த நம்பிக்கையை நம்பிய ஒருவர் எந்தப் படியில் போய் நின்றார் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். குடிசைக்கும் மாளிகைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் காட்டும் படங்கள் நிறைய உண்டு. ஓசு காட்டுவது அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை. அதனால்தான் அது இவ்வளவு வலிக்கிறது.

அந்த வீட்டுப் படக் காட்சியை ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

எனக்கு உலக சினிமாவில் மிகப் பிடித்த பத்து நிமிடங்களில் அது ஒன்று. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளக்கு அணைகிறது. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியவர்கள் பின்னால். முதலில் மிருகக்காட்சிசாலை வருகிறது. வரிக்குதிரை வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு போட்டதா, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்டதா என்று பையன்களுக்குள் தகராறு. நாமும் சிரிக்கிறோம். அடுத்து இவாசாக்கி கெய்ஷாப் பெண்களோடு, அதாவது விருந்துகளில் ஆடிப்பாடி மகிழ்விக்கும் பெண்களோடு, நிற்கும் துண்டு ஒன்று வந்துவிடுகிறது. அவர் மனைவி அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். முதலாளிக்குச் சங்கடம். அதற்கும் சிரிக்கிறோம். அப்புறம் யோஷியி வருகிறார். கண்ணை உருட்டுகிறார், வாயைக் கோணுகிறார். அறையே சிரிக்கிறது. அந்தக் கணம் வரை கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த நாம் இரண்டு பையன்களின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறோம்.

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்குப் புதிதாக ஏதாவது தெரிகிறது. எந்தப் பிள்ளையும் தன் அப்பாவை வேலை பார்க்கும் இடத்தில் பார்ப்பதில்லை. வீட்டில் அவர் கண்டிப்பானவர், அவர் வந்தால் சத்தம் அடங்கும். காலையில் புறப்பட்டுப் போகிறார், இரவு வருகிறார். நடுவில் அவர் யாராக இருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அந்த மூடிய கதவைக் கேமரா திறந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. கேமரா யாருடையது? முதலாளியுடையது. அவரும் அந்தப் படங்களில் இருக்கிறார், அவருக்கும் அவமானம் நேரத்தான் பார்க்கிறது. ஆனால் அவருடைய சங்கடத்தை அவர் சிரித்துச் சமாளித்துவிடலாம், யோஷியியுடையதை அங்கிருக்கும் எல்லோரும் வேடிக்கையாகப் பார்க்கலாம். கேமரா ஒரு பணக்காரப் பொழுதுபோக்காக இருந்த காலத்தில், யார் யாரைப் படம் பிடிக்கிறார்கள் என்பதே ஒரு வர்க்க விஷயம் என்று ஓசு கண்டுகொண்டிருக்கிறார்.

பையன்களுக்குக் கோபம் வந்தது அப்பா குனிந்து வணங்கியதாலா? ஜப்பானில் எல்லோரும் குனிந்துதானே வணங்குவார்கள்?

சரியான கேள்வி. வணக்கத்தில் தவறு இல்லை. பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தவர்கள். வணக்கம் இரண்டு பக்கமும் போய்வரும் வரை மரியாதை. ஒருவர் மட்டும் மேலும் மேலும் குனிந்து, மற்றவர் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனால் அது கூழைக் கும்பிடு ஆகிவிடுகிறது. தங்கள் அப்பா இவாசாக்கியின் எதிரில் குழைவதைப் பையன்கள் ஏற்கெனவே தெருவில் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். வீட்டுப் படத்தில் பார்த்தது அதற்கும் ஒரு படி கீழே. தன்னையே வேடிக்கைப் பொருளாக்கிக்கொண்ட அப்பா. தங்கள் கூட்டாளிகள் எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நடக்கும் சண்டையில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

வசனத்தைத் திரையில் எழுதிக் காட்டும் அட்டைகள் சிலவே. அவற்றின் சாரத்தை என் சொல்லில் தருகிறேன்.

“எங்களைப் பெரிய ஆளா வரச் சொல்றீங்க. நீங்க பெரிய ஆளே இல்லையே. தாரோ அப்பாவுக்கு ஏன் கும்பிடு போடறீங்க?”

“அவர்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்.”

“வாங்காதீங்க. நீங்க அவருக்குக் கொடுங்களேன்.”

“சம்பளம் வாங்கலைன்னா நீங்க பள்ளிக்கூடம் போக முடியாது. சாப்பிட முடியாது.”

அப்படியானால் சாப்பிட மாட்டோம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்பாவின் வாதத்தில் இருந்த ஒரே பலமான கல்லை உருவி எடுத்துவிடும் பதில் அது. சோற்றுக்காகத்தானே இந்தக் கும்பிடு, சோறே வேண்டாம் என்கிறார்கள். பத்து வயதுப் பையனால்தான் இவ்வளவு நேராக யோசிக்க முடியும். அதற்கு முன்பே ரியோயிச்சி கையில் கிடைத்ததை வீசி ரகளை செய்ய, அப்பா அவனைப் பிடித்து அடித்துவிடுகிறார். அடித்த பிறகு அவர் முகத்தில் வெற்றி இல்லை.

அப்பா கோழைதானே? அவரை ஏன் எல்லோரும் தாங்கிப் பேசுகிறீர்கள்?

இருபது வயதில் முதல் தடவை பார்த்தபோது நானும் பையன்கள் பக்கம்தான் இருந்தேன். வேலைக்குப் போய்ப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அலுவலகத்தில் சிரிப்பே வராத விஷயத்துக்கு நான் சிரித்த நாட்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்கு யோஷியியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்று இரண்டு பக்கமும் நியாயம் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனம் இல்லை. பையன்கள் கேட்பது சரியான கேள்வி, அப்பாவுக்கு அதற்குச் சரியான பதில் இல்லை. பதில் இல்லை என்பது அவருக்கே தெரியும். என்னை அவர் பக்கம் இழுப்பது அதுதான்.

அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர் மதுவை ஊற்றிக்கொண்டு மனைவியிடம் பேசுகிறார். பிள்ளைகள் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதே மாதிரி அற்பமான வாழ்க்கையைத்தான் இவர்களும் வாழப்போகிறார்களா என்று கவலைப்படுகிறார். தூங்கும் பையன்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னைப் போல ஆகிவிடாதே என்கிறார். குழந்தை தூங்கும்போது மட்டும் சொல்ல முடிகிற வார்த்தை அது. கோழை என்றால் தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருப்பான்.

தாட்சுவோ சைத்தோ நடித்திருக்கிறார். ஒல்லியாக, உயரமாக, எங்கே நின்றாலும் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும் உடம்பு. அந்த உடம்பு குனியும்போது தூரம் அதிகம். முதலாளியாக வரும் தாக்கெஷி சகாமோத்தோவைக் கொடுமைக்காரராகக் காட்டியிருந்தால் படம் எளிதாகியிருக்கும். அவர் சாதாரண மனிதர், நல்ல மனநிலையில் இருப்பவர். யோஷியியை அவர் ஒருபோதும் திட்டுவதில்லை. திட்ட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் அவர் இருக்கிறார்.

அம்மாவுக்குப் படத்தில் பெரிய வேலை இல்லையே?

மிட்சுகோ யோஷிகாவா நடித்த அந்த அம்மா பேசுவது குறைவுதான். ஆனால் மறுநாள் காலை உண்ணாவிரதத்தை முடித்து வைப்பது அவர் பிடித்துக் கொண்டுவரும் சோற்று உருண்டைகள். கணவனையும் விட்டுக்கொடுக்காமல், பிள்ளைகளையும் அடக்காமல், தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்.

உண்ணாவிரதம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடுவது ஏமாற்றமாக இல்லையா?

எனக்கு இல்லை. தோட்டத்தில் நாற்காலி போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் இருவரும். பசி வந்துவிட்டது. தட்டைப் பார்க்கிறார்கள், பார்க்காதது போல இருக்கிறார்கள். கடைசியில் கை போகிறது. அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொள்கிறார். மூவரும் சாப்பிடுகிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் வாதத்தில் ஜெயிக்கவில்லை.

அப்போதுதான் அப்பா சின்னவனிடம் பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறார். ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் என்கிறான் கெய்ஜி. ஏன், முழு ஜெனரல் ஆகக் கூடாதா? அண்ணன் ஜெனரல் ஆகப்போகிறானாம், அதனால் தன்னால் ஆக முடியாதாம். இரவெல்லாம் மேல் கீழ் என்ற ஏற்பாட்டையே எதிர்த்த பையன், விடிந்ததும் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு மேல் கீழைப் போட்டு, தானே கீழ்ப்படியில் போய் நின்றுகொள்கிறான். இதைவிடக் கூர்மையாக எந்த வசனமும் இந்த விஷயத்தைச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ராணுவ ஜெனரல் என்பதில் அரசியல் ஏதாவது இருக்கிறதா?

ஓசு அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் ஜப்பானிய ராணுவம் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது 1931 செப்டம்பரில். படம் எடுக்கத் தொடங்கியது அதே ஆண்டின் பிற்பகுதியில். ரியோயிச்சிக்குப் பத்து வயது என்று வைத்துக்கொண்டால் 1942-ல் அவனுக்கு இருபது. இன்று பார்க்கிற யாராலும் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது.

ஓசுவே 1937-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். 1943-ல் சிங்கப்பூர் போனார். சுபாஷ் சந்திர போஸ் முன்னின்று நடத்திய இந்திய விடுதலைப் போர் பற்றி ஒரு படம் எடுப்பதற்காக. அது முடிக்கப்படவே இல்லை. போஸின் படையில் மலாயாத் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் படம் வந்திருந்தால் ஓசுவின் சட்டகத்துக்குள் நம் ஆட்களின் முகங்கள் இருந்திருக்குமே என்று எனக்கு எப்போதும் ஓர் ஏக்கம் உண்டு.

மௌனப் படம் என்றால் சலிப்புத் தட்டாதா? 1932-ல் பேசும் படம் வந்துவிட்டதே?

வந்துவிட்டது. ஓசு படம் எடுத்துவந்த ஷோச்சிக்கு நிறுவனமே 1931-ல் முழு நீளப் பேசும் படம் ஒன்றை வெற்றிகரமாக வெளியிட்டிருந்தது. ஆனால் ஜப்பானில் மௌனப் படம் என்பது முழு மௌனம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ‘பென்ஷி’ என்ற கதை சொல்லி நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். பென்ஷிகளுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். ஓசு பேசும் படத்துக்கு மாறியது 1936-ல்தான். தன் ஒளிப்பதிவாளர் ஹிதேயோ மொஹாரா சொந்தமாக ஓர் ஒலிப்பதிவு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார், அது தயாராகும் வரை ஓசு காத்திருந்தார்.

சலிப்பைப் பற்றி: ஒன்றரை மணி நேரம், அதில் முதல் ஒரு மணி நேரம் விடாமல் சிரிப்பு. பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக நடைபோடுவதிலிருந்து அலுவலகத்துக்கு வெட்டுகிறார் ஓசு. கேமரா மேசைகளைக் கடந்து நகர்கிறது, ஒவ்வொரு குமாஸ்தாவாகக் கொட்டாவி விடுகிறார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. கேமரா திரும்பி அவரிடமே வருகிறது. அவரும் கொட்டாவி விட்ட பிறகுதான் மேலே போகிறது. பின்னால் கேமராவை அசைக்கவே மறுத்த இயக்குநர் என்று பெயர் வாங்கப்போகிறவர் செய்த வேலை இது.

பின்னணியில் ஏன் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது?

கமாதாவில் இருந்த ஷோச்சிக்கு ஸ்டுடியோவைச் சுற்றிய புறநகர்ப் பகுதியில் எடுத்த படம். 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ மக்கள் பெருமளவில் புறநகர்களுக்கு நகர்ந்தார்கள். மின்சார ரயில் பாதை வந்த இடமெல்லாம் சம்பளக்காரர்களின் வீடுகள் எழும்பின. தோட்டத்துக்குப் பின்னால், மைதானத்துக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குப் பின்னால் என்று சின்ன ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அப்பாவைக் காலையில் அந்த உலகத்துக்குக் கொண்டுபோவது அந்த ரயில்தான்.

அந்தச் சின்னப் பையன் யார்? அவ்வளவு இயல்பாக நடிக்கிறானே!

தொமியோ அவோக்கி. 1929-ல் ஓசு இவனை வைத்து எடுத்த ‘தொக்கான் கொசோ’ என்ற குறும்படத்தின் பெயரே இவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது, திரையிலும் அந்தப் பெயரையே போட்டார்கள். அண்ணன் என்ன செய்தாலும் அரை நொடி தாமதமாக அதையே செய்வதுதான் இவன் நடிப்பின் ரகசியம். வளர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் நடித்தார். அண்ணனாக வருபவர் ஹிதேயோ சுகவாரா. படப்பிடிப்பின் நடுவில் ஒரு சிறுவனுக்கு அடிபட்டு வேலை நின்றுபோக, அந்த இடைவெளியில் ஓசு வேறொரு படத்தையே எடுத்து முடித்திருக்கிறார்.

பிள்ளைகளை ஓசு அறிந்திருந்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுவதுண்டு. 1923-ல் சினிமாவுக்குள் நுழைவதற்கு முன் மியே மாகாணத்தில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் சுமார் ஒரு வருடம் தற்காலிக ஆசிரியராக இருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். அலுவலகத்தில் சம்பளக்காரராக உட்கார்ந்தவரும் இல்லை.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி?

நகைச்சுவைப் படம் என்று நினைத்த நிறுவனம், முடிந்த படத்தின் கனத்தைப் பார்த்து இரண்டு மாதம் வெளியிடத் தயங்கியது. குழந்தைகளைப் பற்றித் தொடங்கிப் பெரியவர்களைப் பற்றிய படமாக முடிந்துவிட்டது என்று ஓசுவே பின்னால் சொல்லியிருக்கிறார். 1932 ஜூன் 3 அன்று வெளியானது. அந்த ஆண்டின் சிறந்த படம் என்று ‘கினெமா ஜுன்போ’ இதழ் முதலிடம் கொடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்த முதலிடம் ஓசுவின் படங்களுக்கே கிடைத்தது.

‘ஓஹாயோ’ இதன் மறு ஆக்கம்தானா?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. 1959-ல் ஓசு வண்ணத்தில் எடுத்த ‘ஓஹாயோ’விலும் புறநகர், இரண்டு சகோதரர்கள், ஒரு வேலைநிறுத்தம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பையன்கள் போராடுவது டிவி பெட்டிக்காக, செய்வது பேசா விரதம். கடைசியில் டிவி கிடைத்துவிடுகிறது. 1932-ல் பையன்கள் கேட்டதை எந்தக் கடையிலும் வாங்கித் தர முடியாது.

தமிழ் வசனத்தோடு கிடைக்குமா? எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?

தமிழ் வசனத்தோடு நான் பார்த்ததில்லை. ஆங்கில வசனத்தோடு கிரைட்டீரியன் நிறுவனத்தின் ‘எக்லிப்ஸ்’ வரிசையில் 2008-ல் வெளிவந்த மூன்று மௌனப் படத் தொகுப்பில் இது இருக்கிறது. வசன அட்டைகள் குறைவு, வாக்கியங்கள் சின்னவை. வீட்டில் ஒருவர் வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் எட்டு வயதுக் குழந்தைகூடப் பார்த்துவிடும். பென்ஷி செய்ததும் ஏறக்குறைய அதுதான். நான் என் அக்காள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் காட்டினேன். முதல் அரை மணி நேரத்திலேயே விரலை நீட்டி ஒருவரையொருவர் சாகடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசிக் காட்சியில் பையன்கள் தோற்றுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இதில்தான் என் நண்பர்களோடு எனக்கு நீண்ட சண்டை. உண்ணாவிரதம் முடிந்த அதே காலை. அப்பாவும் பையன்களும் ரயில்வே கேட்டுக்கு வருகிறார்கள். கேட்டு அருகே இவாசாக்கியின் கார் நிற்கிறது. யோஷியி தயங்குகிறார். பிள்ளைகளின் எதிரில் எப்படிப் போய்க் குனிவது? பையன்கள் அவரைப் பார்க்கிறார்கள். போய் வணக்கம் சொல்லிவிட்டு வரச் சொல்கிறார்கள். அவரும் போகிறார்.

பணிந்துவிட்டார்கள், அமைப்பு ஜெயித்துவிட்டது என்பது ஒரு வாசிப்பு. அதை நான் மறுக்க முடியாது, ஜெனரல் பற்றிய பேச்சை நானே மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தயக்கத்தைக் கவனித்து, அப்பாவுக்கு இக்கட்டு என்று புரிந்துகொண்டு, அவரை அதிலிருந்து விடுவிப்பவர்கள் பிள்ளைகள்தான். முந்தின இரவு அவரைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியவர்கள் இப்போது அவருக்கு வழி விடுகிறார்கள். அநியாயத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா, அப்பாவை ஏற்றுக்கொண்டார்களா? இரண்டாவது என்றுதான் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றுகிறது. கார் புறப்பட்டுப் போகிறது. அவர்கள் தாரோவின் தோளில் கை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள்.